ஒன்பது வீட்டுத் துணி

உங்களில் யாருடைய சட்டையையாவது நான் தேய்த்திருக்கலாம். தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில், ஈஜிபுராவை ஒட்டிய லேஅவுட்டில் குடியிருந்தவர் என்றால் அநேகமாகத் தேய்த்திருப்பேன். என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆறாவது கிராஸ் தெரு முனையில், புங்க மரத்தடியில், இஸ்திரி வண்டிக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி ஒரு பையன் நிற்பான். அது நான். பக்கத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர் என் அப்பா. அவரை ஞாபகம் இருக்கும்.

இப்போது நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், அந்தக் காலத்துப் பெங்களூரில் மே மாதம்கூட ஃபேன் தேவைப்படாது என்று சொல்லிக்கொள்கிறோம். அது வீட்டுக்குள் இருந்தவர்கள் சொல்கிற கதை. ஓர் இஸ்திரிப் பெட்டி நிறைய நெருப்பை வயிற்றுக்கு நேராக வைத்துக்கொண்டு தெருவில் நின்றவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். ஆனாலும் அப்படி ஒரு மே மாதத்து வியாழக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது, மழை பெய்தது, துணி தேய்த்தேன். அவ்வளவுதான்.

அந்த வருடம் எனக்குப் பதினைந்து முடிந்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு வண்டியில் நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. கரி மூட்டுவது, சாம்பல் தட்டுவது, பட்டுக்கு எவ்வளவு சூடு, காக்கிக்கு எவ்வளவு சூடு, எல்லாம் கைக்கு வந்துவிட்டது. வாய்தான் வரவில்லை.

"இந்தத் தொழில்ல பாதி பொட்டி, பாதி வாயி," என்பார் அப்பா. "பொட்டி புடிக்கிற கை எங்க வேணா கெடைக்கும். 'ஏம்மா, இந்தப் பொடவ புதுசா, சூப்பரா கீதே'ன்னு கேக்குற வாய்தான் துணியக் கொண்டாரும். நீ எப்டிடா நாளைக்குப் பொழைப்பே?"

நான் துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பேன். அதுவே அவருக்குப் பதில்.

தேய்த்த துணியை வீடுகளில் கொடுக்கப் போகும்போது அப்பா நாலு வீட்டுக்கு முன்னாலிருந்தே "இஸ்திரி!" என்று குரல் கொடுப்பார். நான் போனால் கேட்டின் கொண்டியை இரண்டு முறை ஆட்டிவிட்டு நிற்பேன். கேட்டால் கேட்கட்டும். நாய் இருக்கும் வீடுகள் எனக்குப் பிடிக்கும். நாய் குரைத்துவிடும், நான் கூப்பிட வேண்டியதில்லை.

இதற்கு அப்பா ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். ஓசூர் போகும் வழியில், அத்திபெலேயில் பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி என் தாய்மாமா சின்னதாக ஒரு ஹோட்டல் வைத்திருந்தார். ஓசூர் பஸ் வந்து நின்றதும், வாசலில் ஒருவன் நின்று இட்லி, வடை, பூரி என்று தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிக் கத்தி, இறங்குகிறவர்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே அனுப்ப வேண்டும். அந்த வேலைக்கு என்னை அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. "ஒரு வருசம் கத்தினா கூச்சம் தன்னால போயிடும்," என்றார் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் பஸ் வாசலில் நின்று பூரி என்று கத்துவதை நினைத்தாலே எனக்குக் கைகால் சில்லிட்டுவிடும்.

அந்த வியாழக்கிழமை அப்பாவும் அம்மாவும் மாமாவிடம் பேசி முடிக்க அத்திபெலேக்குப் போனார்கள். முதல் முறையாக வண்டி முழுக்க என் பொறுப்பு.

கிளம்பும் முன் அப்பா இரண்டு விஷயம் சொன்னார். "தேய்ச்சதும் கட்டிடு. ஒரு வீட்டக் கட்டி வெச்ச அப்பாலதான் அடுத்த வீட்டுத் துணியத் தொடணும்." அடுத்தது, "நீலக் கேட் வீட்ல குடுக்கும்போது வாயத் தொறக்காத."

நான் எந்த வீட்டில் வாயைத் திறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போது யாரும் துணியைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவர மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டுத்துணி உண்டு. பழைய புடவையோ, சாயம் போன பெட்ஷீட்டோ, கிழிந்த லுங்கியோ. அதில் மூட்டையாகக் கட்டித் தருவார்கள், அதிலேயே கட்டித் திருப்பித் தருவோம். பெயர் எழுத வேண்டாம், அடையாளம் போட வேண்டாம். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி என்றால் பேங்க் அம்மா வீடு. யானை போட்ட பெட்ஷீட் என்றால் மாடி வீட்டு மூன்று காலேஜ் பையன்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்கு அதுதான் விலாசம்.

நீலக் கேட் வீட்டுக்காரர் ஏதோ தொழிற்சாலையில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர். கட்டை வாங்கியதும் கேட்டிலேயே பிரித்து, ஒவ்வொரு துணியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்மைப் போகச் சொல்வார். ஒருமுறை அவர் வேட்டியில் அப்பா சின்னதாக ஒரு பழுப்புத் தடம் பதித்துவிட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலில் அப்பாவுக்கே பேச்சு வராது.

அன்றைக்கு ஒன்பது வீட்டுத் துணி இருந்தது. ஏழு மணிக்குக் கரி மூட்டினேன். புங்கம்பூ உதிர்ந்து தரையெல்லாம் பொரி சிந்தியது மாதிரி கிடந்தது. பெட்டியை ஈரத்துணியில் வைத்துப் பார்த்தேன். 'சுர்' என்றது. பேங்க் அம்மாவின் கஞ்சி போட்ட புடவையில் ஆரம்பித்தேன். சூடு ஏறிய கஞ்சிக்கு ஒரு வாசனை உண்டு. சோறு வடிக்கும் வீட்டு வாசலில் நிற்பது போல இருக்கும்.

மரத்தடியில் ஓர் ஆட்டோக்காரர் நிழலுக்கு வண்டியைப் போட்டு, பின் சீட்டில் கால் நீட்டிப் படுப்பது வழக்கம். அவருக்கு என்னைச் சீண்டுவது ஒரு பொழுதுபோக்கு.

"இன்னா மௌனசாமி, இன்னிக்கி நீதான் மொதலாளியா?"

தலையாட்டினேன்.

"வாயில இன்னா வெச்சினுகீற, வெத்தலயா? சரி சரி, பேசாத. முத்து கொட்டிடப் போவுது."

பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. அந்தத் தெருவில் கரண்ட் போயும் வேலை நிற்காத ஒரே ஆள் நான்தான். மற்ற எல்லா வீட்டிலும் ரேடியோ நின்றது, மிக்ஸி நின்றது. தெரு திடீரென்று அமைதியாகிவிட்டது. என் பெட்டி துணிமேல் நகரும் சத்தம் எனக்கே கேட்டது. நிழல் நகர நகர வண்டியை ஒரு அடி, ஒரு அடியாகத் தள்ளிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். யாரும் வந்து பேசவில்லை. யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. அத்திபெலேயில் என் தலையெழுத்தைப் பேசி முடித்துக்கொண்டிருப்பார்கள் என்பதைக்கூட நடுவில் மறந்துபோனேன்.

இரண்டு மணிக்கு ஒன்பது கட்டும் தயார். அப்பா இருந்தால் நாலு ஆகும். பேச்சுக்கு ஆகும் நேரம் மிச்சம் அல்லவா. வரிசையாக இருந்த கட்டுகளைப் பார்த்தேன். உள்ளே அத்தனையும் கத்தி மாதிரி மடிப்பு. வெளியே கசங்கின லுங்கியும் பெட்ஷீட்டும். பார்க்க எனக்கே நன்றாக இல்லை. பெட்டியில் தணல் வேறு மிச்சம் இருந்தது. கட்டுத்துணிகளையும் தேய்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அப்பா வந்து பார்த்தால், இந்தக் கையைப் போய் பூரிக்கு அனுப்புகிறோமே என்று நினைக்கலாம். இந்த யோசனை எங்கள் தொழிலில் யாருக்கும் வந்ததில்லை. ஏன் வந்ததில்லை என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது.

ஒன்பது கட்டையும் பிரித்தேன். துணிகளை ஒன்பது அடுக்காக வண்டிமேல் வைத்துவிட்டுக் கட்டுத்துணிகளைத் தேய்க்கத் தொடங்கினேன். ஆறாவது துணி தேய்க்கும்போது வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் காற்று வந்துவிட்டது. புங்கம்பூவும் தூசியும் முகத்தில் அடித்தன. அடுத்து ஒரு சொட்டு, புளியங்கொட்டை அளவில், பெட்டிமேல் விழுந்து 'புஸ்' என்றது.

தார்ப்பாய் வீட்டில் இருந்தது. மே மாதத்தில் எதற்குச் சுமக்க வேண்டும் என்று நான்தான் விட்டுவந்திருந்தேன்.

"டேய், இன்னாடா நின்னுனு கீற? கொண்டா இங்க! ஆட்டோல போடு!" என்று கத்தியபடி ஆட்டோக்காரர் குதித்து வந்தார். அவர் ஒரு கை, நான் ஒரு கை. அடுக்கு, வீடு, எதுவும் பார்க்கவில்லை. வாரி வாரிப் பின் சீட்டில் போட்டோம். பெட்டியை மூடி வண்டிக்குக் கீழே தள்ளினேன். ஆட்டோவின் இரண்டு பக்கப் படுதாவையும் இறக்கிவிட்டு, முன் சீட்டில் இருவரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஆலங்கட்டி ஆட்டோக் கூரையில் தடதடவென்று கொட்டியது. ஆட்டோக்காரர் கையை நீட்டி இரண்டு கட்டி பிடித்து ஒன்றைத் தன் வாயில் போட்டார், ஒன்றை என் வாயில் திணித்தார். அந்த நேரத்திலும் அது நன்றாகத்தான் இருந்தது.

இருபது நிமிடத்தில் மழை விட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒரு துணியும் நனையவில்லை. ஆனால் ஒன்பது வீட்டுத் துணியும் ஒரே குவியலாகக் கிடந்தது.

"இன்னா குரு, ஜவுளிக் கடை மாதிரி கீது," என்றார் ஆட்டோக்காரர். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "எது எந்த வூடுன்னு தெரியுமா?"

எங்கள் தொழிலில் துணி கருகினால்கூட மன்னிப்பார்கள். மாறினால் மன்னிக்க மாட்டார்கள். ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போனால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் அத்திபெலேக்கு நான் மட்டும் போகமாட்டேன். வண்டியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பயந்துகொண்டே ஒரு புடவையை எடுத்தேன். கீழ் ஓரத்தில், செருப்புக் குதிகால் மாட்டிக் கிழித்த இடத்தில் ஊசிப் பின் குத்தியிருந்தது. பேங்க் அம்மா. பஸ்ஸுக்கு ஓடுகிறவர், தைக்க நேரம் கிடையாது. அடுத்து ஒரு கட்டம் போட்ட சட்டை. மாடி வீட்டுக் காலேஜ் பையன்கள். அவர்கள் மூன்று பேர், நல்ல சட்டை நாலு. மாற்றி மாற்றிப் போடுவார்கள். அதனால் போட்டவன் கழுத்துக்குத் தக்கபடி காலர் ஒரு வாரம் விரிந்திருக்கும், ஒரு வாரம் சுருங்கியிருக்கும். ஒரு நீல ஸ்கூல் கவுன். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால் ஓரத்தைப் பிரித்து இறக்கியிருந்தார்கள். போன வருட மடிப்பு கோடாகத் தெரிந்தது. அது எத்தனை தேய்த்தாலும் போகாது. முனை வீட்டுப் பாப்பா இரண்டு விரல் வளர்ந்திருக்கிறாள். கைமுட்டியில் மஞ்சள் கறை பட்ட வெள்ளைச் சட்டை புதுசாகக் கல்யாணம் ஆன வீடு. அந்த ஆள் சமையலறையில் உதவி செய்கிறார் என்பது தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கை தானாக எடுத்து எடுத்து வைத்தது. ஆட்டோக்காரர் வண்டிப் பலகையை ஈரம் போகத் துடைத்து, ஒன்பது கட்டுத்துணியையும் அதன்மேல் விரித்து, நான் காட்டின இடத்தில் அடுக்கினார்.

"டேய், எப்டிடா? ஜோசியம் கீசியம் பாக்கிறியா?"

எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஐந்து வருடமாக இந்தத் தெருவில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், எல்லோரையும் தெரிந்திருக்கிறது. யார் இளைத்தார், யார் வளர்ந்தார், யார் வீட்டில் விருந்தாளி, யார் அவசரக்காரர். அவர்களுக்கு என்னைத் தெரியாது. அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. ஈர மண் வாசனையும் சூடான துணி வாசனையுமாக அந்த ஆட்டோவில், அந்த மத்தியானத்தில், எனக்கு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பதுபோல் இருந்தது. அதைச் சொல்ல அன்றைக்கு வார்த்தை இல்லை. இன்றைக்கும் இவ்வளவுதான் வருகிறது.

பெட்டியில் தணல் கொஞ்சம் பிழைத்திருந்தது. ஊதி ஊதி எழுப்பி, கசங்கிய இடங்களை ஒரு தடவு தடவி, கட்டிக்கொண்டு கிளம்பினேன். எட்டு வீட்டில் கொண்டி ஆட்டினேன். எட்டு வீட்டிலும் வாங்கிக்கொண்டார்கள். பேங்க் அம்மா மட்டும், "அட, கட்டுத்துணிகூடத் தேய்ச்சிருக்கே! இனிமே இப்படியே குடு," என்றார். அதற்கப்புறம் பல வருடம் அந்தப் பச்சை லுங்கியை நாங்கள் இலவசமாகத் தேய்த்தோம்.

கடைசியில் நீலக் கேட்.

அவர் வழக்கம்போல் கேட்டிலேயே கட்டைப் பிரித்தார். ஒரு வேட்டி, பார்த்து வைத்தார். இன்னொரு வேட்டி. அடுத்து வெளிர்நீலத்தில் ஓர் அரைக்கைச் சட்டை. அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"இது நம்தல்ல," என்றார். எங்களுடையது இல்லை என்று.

நான் கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கன்னடத்திலேயே தொடர்ந்தார்: என்னிடமும் இதே நிறத்தில் ஒன்று உண்டு, ஆனால் அதன் காலர் நைந்து போயிருக்கும், இது புதுக் காலர், வேறு யாருடையதோ. என் சட்டையை மூன்று நாளாகக் காணோம். அதை எந்த வீட்டில் கொடுத்தீர்கள்? உன் அப்பாவை வரச் சொல், என்றார்.

பக்கத்து வீட்டுச் சுவர்மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்றைக்கு எல்லாவற்றையும் கலந்தவன் நான்தானே? ஆனால் அந்தச் சட்டையைக் காலையில் தேய்த்தபோதே நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"நிம்தே சார்," என்றேன். உங்களுடையதுதான்.

"ஏனு?" என்றார். என்ன என்று.

"நிம்தே சார்!" இந்த முறை சத்தமாக வந்தது. அதற்கப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கன்னடம் பாதி, தமிழ் பாதி. "கீழருந்து ரெண்டாவது பட்டன் பாருங்க சார், கறுப்பு நூல்ல தெச்சிருக்கும். பாக்கெட்டுக்கு உள்பக்கம் இங்க் கறை, வெளுத்து ஊதாவா இருக்கும். இது புதுக் காலர் இல்ல சார். பழைய காலரேதான். பிரிச்சு, உள்பக்கத்த வெளியே திருப்பித் தெச்சிருக்காங்க. ஓரத்துல பழைய தையல் ஓட்ட வரிசையா தெரியுது பாருங்க. கையால தடவிப் பாருங்க சார்!"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சட்டையை மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். பட்டனைப் பார்த்தார். பாக்கெட்டைத் திருப்பினார். காலரைத் தடவினார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் மனைவி வாசலுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வரும்.

"நான்தான்ப்பா டெய்லர்கிட்ட குடுத்தேன். கல்யாணத்துக்குக்கூட அந்தக் கிழிஞ்ச காலரோடதான் வருவேன்னு இவருக்குப் பிடிவாதம். சொல்லாம மாத்திட்டேன். மூணு நாளா பீரோவத் தலைகீழாப் போட்டுத் தேடுறார். பத்து வருஷமா போடுற சட்டை, அவருக்கே அடையாளம் தெரியல, இந்தப் பையனுக்குத் தெரியுது!"

அவர் முகம் சிவந்தது. அப்புறம் சட்டையைத் தன் மார்பில் வைத்துப் பார்த்துக்கொண்டார். உதட்டோரம் மெல்ல இளகியது.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்னாலிருந்து யாரோ ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா. பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்ததுமே என் குரல் கேட்டிருக்கிறது. நீலக் கேட் வீட்டில் நான் கத்துகிறேன் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"சார், சார், மன்னிச்சுக்கோங்க சார்! சின்னப் பையன் சார், தெரியாம பேசிட்டான்! டேய், கால்ல உழுடா!"

"யாகப்பா, ஏன்? அவன் பேசினதுல தப்பு ஒண்ணும் இல்ல," என்றார் நீலக் கேட் வீட்டுக்காரர், உடைந்த தமிழில்.

"இனிமே பேச மாட்டான் சார். சீக்கிரமே அவன அனுப்பிடறேன் சார்."

"எங்க அனுப்பற? சட்டை என்துதான்ப்பா!"

"பரவால்ல சார், நான் வேற சட்டை வாங்கிக் குடுத்துடறேன் சார்."

அந்த அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டார். முதலிலிருந்து ஒருமுறை அவர் சொல்லி முடித்த பிறகுதான் அப்பா கும்பிட்ட கையை இறக்கினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை அதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல் இருந்தது.

இப்போது அவருடைய அன்றைய வயதைத் தாண்டிவிட்டேன். சில விஷயங்கள் இப்போதுதான் பிடிபடுகின்றன. வீட்டில் அப்பா பேசிக் கேட்டதே குறைவு. சாப்பிடுவார், படுப்பார். காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, முதல் வீடு வருவதற்கு முன்னால் தொண்டையை இரண்டு முறை செருமிக்கொள்வார். பீடியால் வந்த இருமல் என்று நினைத்திருந்தேன். பேசுவதற்குத் தன்னைத் தயார் செய்துகொண்டிருக்கிறார் என்று தெரியவில்லை. என்னைவிடக் கூச்சக்காரர் அவர். தான் பட்ட பாட்டை நான் சீக்கிரமாகப் பட்டு முடித்துவிட வேண்டும் என்றுதான் அத்திபெலேக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார். என்னைப் புரிந்துகொண்டது சரி, மருந்துதான் தப்பு.

வண்டிக்குத் திரும்பி வந்தோம். ஆட்டோக்காரர் நல்ல மனிதர், மழைக் கதையை அவிழ்க்கவில்லை. அங்கே காத்திருந்த அம்மா, மாமா வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், மெல்லச் சொன்னாள்.

"மாமா ஒத்துக்கிச்சு. திங்கக்கெழம வரச் சொல்லிச்சு."

முறுக்கைக் கடிக்காமல் வைத்துக்கொண்டேன். அப்பா பெட்டியிலிருந்த சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் தட்டினார்.

"வேணாம்," என்றார்.

"நீதானேய்யா அனுப்பியே ஆவணும்னு நாண்டுனு நின்னே? இப்ப என்னாத்துக்கு வேணாம்?"

"இவன் அங்க போனான்னு வெச்சுக்கோ. சாப்ட்டு வெளிய வர்றவன நிறுத்தி, 'நீ துன்னது மூணு இட்லி இல்ல, நாலு, சட்னி கறை பாரு'ன்னு சண்டைக்கு நிப்பான். உங்கண்ணன் கடைய மூடினுதான் போவணும். இங்கயே கெடக்கட்டும்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. பெட்டியைத் துடைத்து, அதன் பிடியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கரி மூட்டிக்கொண்டிருந்தேன்.